மதுரைப் பொறியியல் கல்லூரிகளின் கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மின்னணுப் பங்கு வணிகத்துக்கான மென்பொருள் எழுதுவது என் தொழில். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு இத்துறைக்கு வரும் பிள்ளைகளின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இரண்டு கணினிகள் செய்தி பரிமாற வேண்டும் என்றதும் எதையும் யோசிக்காமல், தகவலை எழுத்துகளாகவே அனுப்பும் ஜேசான் (JSON) வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிவதில்லை.

எழுத்துகளாக அனுப்புவதன் செலவைப் பார்க்க, பங்கு வணிகச் செய்திகளைப் பரிமாற 1992-இல் தொடங்கிய ஃபிக்ஸ் (FIX) நெறிமுறையையே எடுத்துக்கொள்வோம். அதில் 1250.50 ரூபாய் என்ற விலை ‘44=1250.50’ என்று எழுத்துகளாகவே போகிறது; 44 என்பது விலையைக் குறிக்கும் எண். முடிவில் வரும் பிரிப்புக் குறியையும் சேர்த்தால் 11 பைட். பெறும் கணினி அதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து எண்ணாக மாற்ற வேண்டும். அதே விலையைப் பைசாவாக்கி 125050 என்ற முழு எண்ணாக அனுப்பினால் 4 பைட் போதும், மாற்றும் வேலையும் இல்லை.

அதற்காக, அளவு சிறியதெல்லாம் வேகமானது என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. கம்பியில் போகும் தரவின் அளவைக் குறைக்க வந்த ஃபாஸ்ட் (FAST) குறியாக்கத்தில் ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் மதிப்பைத் தாங்க, எட்டாவது பிட் அந்தப் புலம், அதாவது விலை போன்ற ஒரு தனித் தகவல், முடிந்ததா என்பதைச் சொல்கிறது. ஆகவே முந்தைய புலத்தைப் படித்து முடிக்காமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பின்னர் வந்த எஸ்பிஇ (SBE) என்ற குறியாக்க முறையில் விலை, எண்ணிக்கை போன்ற புலங்களுக்கு நிலையான இடம் உண்டு என்பதால், செய்தி சற்றுப் பெரிதானாலும் வேண்டிய புலத்தை நேரே சென்று படிக்கலாம். சிகாகோவின் சிஎம்இ சந்தை தன் விலைத் தகவல் ஓடையை ஃபாஸ்ட்டிலிருந்து எஸ்பிஇ-க்கு மாற்றிக்கொண்டது. கம்பியில் போகும் நேரமா, செயலியில் செலவாகும் நேரமா, எது தடை என்று அளந்து பார்த்த பிறகே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு வகுப்பறையில் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் ஒன்றேனும் பங்கு வாங்கவோ விற்கவோ அனுப்பும் ஒரே ஆர்டர் செய்தியை ஃபிக்ஸ், ஃபாஸ்ட், எஸ்பிஇ ஆகிய மூன்று முறைகளில் எழுதி அளந்து ஒப்பிடுவதாக அமைய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். சராசரி நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. சந்தை கொதிக்கும்போது இழப்பை உண்டாக்குவது ஆயிரத்தில் ஒன்றாக வரும் தாமதம்தான், அதையும் அவர்கள் பதிவு செய்யட்டும். இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, ஆய்வகத்தில் இருக்கும் கணினிகளே போதும். அழைத்தால் நேரில் வந்து சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர்