ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்

லண்டன், ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வாள், நீ பார்த்து எழுது. நீ கேட்டிருந்த விஷயத்துக்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இன்று எனக்கு வார ஓய்வு, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செப்டம்பரில் இங்கே படிக்க வரும்போது புது ஹெல்மெட்டைக் கையோடு எடுத்து வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருக்கிற ஹெல்மெட் இங்கே சட்டப்படி செல்லாது. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் இருக்க வேண்டும், அல்லது ஈ.சி.இ. 22.05, 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்க வேண்டும். நாடியில் மாட்டுகிற பட்டையைத் திருப்பிப் பார், சின்னத் துணி லேபிள் ஒன்று தைத்திருக்கும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் கொண்டு வா; நம் நாட்டில் செய்கிற சிலவற்றில் இரண்டு முத்திரையும் உண்டு. இல்லாவிட்டால் அந்த எடைக்கு அம்மா இடித்த மிளகாய்ப்பொடியும் சுக்குப்பொடியும் கொண்டு வந்தால் எங்களுக்குப் புண்ணியமாகப் போகும். இங்கே ஹெல்மெட் 1973 முதல் கட்டாயம். தலைப்பாகை கட்டுகிற சீக்கியர்களுக்கு மட்டும் 1976 முதல் விலக்கு. அரசாங்கமே 2007 முதல் ஹெல்மெட்டுகளை மோதிப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. விலைக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் சில இருக்கும், பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது கேள்வி, வண்டியை ஸ்டாண்டில் விட்டால் ஹெல்மெட்டுக்குத் தனி டோக்கனா என்பது. தம்பி, இங்கே ஸ்டாண்டே கிடையாது! நம் ஊரில் ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம் வண்டியை விட்டால் ஒருவர் டோக்கன் கிழித்துக் கொடுப்பார், ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே வரிசையாக அடுக்கி வைப்பார். அதற்கு நாம் எவ்வளவு முணுமுணுத்திருக்கிறோம். இங்கே சாலையோரமாகக் கோடு போட்டு, மோட்டார் சைக்கிள் படம் போட்ட பலகை நட்டு, அதுதான் பார்க்கிங் என்று விட்டுவிடுகிறார்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் நாள் கட்டணம். காவலுக்கு ஆள் கிடையாது. சில பார்க்கிங் இடங்களில் தரையில் இரும்பு வளையமோ, இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பியோ பதித்திருப்பார்கள். அந்த வளையம் உள்ள இடம் கிடைப்பதற்காகவே நான் டூட்டிக்கு முன்கூட்டிக் கிளம்புகிறேன்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பாய். இங்கே பைக் திருட்டு ராத்திரி இருட்டில் நடக்கிற வேலை இல்லை. பேட்டரியில் ஓடுகிற கட்டிங் மிஷினைக் கொண்டு வந்து, பட்டப்பகலில், தீப்பொறி பறக்கப் பூட்டை அறுக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போகிறார்கள், கிட்டே போகப் பயம். அதனால் இங்கே வண்டி வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு பூட்டுச் சாஸ்திரமே பேசுவார்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. முன்சக்கர டிஸ்க்கில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று. அதை மறந்து வண்டியை எடுத்தால் குப்புற விழுவோம் என்பதால் அதிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஆரஞ்சு நிறச் சுருள் கயிறு ஒன்றைக் கட்டிவிட வேண்டும். இன்னொன்று 16 மில்லிமீட்டர் சங்கிலி, ஐந்து கிலோவுக்கு மேல். பின்சக்கரத்தின் வழியாக விட்டு அந்த இரும்பு வளையத்தில் மாட்டுவேன். சங்கிலி தரையில் படாமல் தொங்க வேண்டும். தரையில் கிடந்தால் தரையையே பட்டறைக்கல்லாக வைத்துச் சுத்தியலால் நொறுக்குவது சுலபமாம். இங்கே பூட்டுகளுக்கும் தரம் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று பட்டம் கொடுக்கிறார்கள். அத்தான், "உனக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரே வைரம் இதுதான்" என்று சிரிப்பார்.

இனி ஹெல்மெட்டுக்கு வருகிறேன். ஊரில் நீ வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிட்டு டீக்கடைக்குள் போவாயே, அதைச் சொல்கிறேன். திருட்டை விடு, கண்ணாடியின் முனை உள்ளே அழுத்தி அழுத்தி அந்தத் தெர்மாகோல் போன்ற பகுதியில் குழி விழுந்துவிடும். விபத்தில் தலையைக் காப்பாற்றுவது மேலே பளபளக்கிற ஓடு மட்டும் இல்லை, நசுங்கிக்கொடுக்கிற அந்த உள்பகுதியும்தான். முதலிலேயே அது நசுங்கிக் கிடந்தால் நாளைக்கு நசுங்க என்ன மிச்சம் இருக்கும்? பெட்ரோல் டேங்க் மேல் வைத்தாலும் காற்றடித்தால் உருண்டுவிடும், அதிலும் இங்கே அடிக்கிற காற்றுக்கு.

பெரும்பாலான வண்டிகளில் சீட்டுக்குக் கீழே ஒரு கொக்கி இருக்கும். நாடிப்பட்டையின் முனையிலுள்ள இரும்பு வளையத்தை அதில் மாட்டிச் சீட்டை மூடினால் பூட்டிக்கொள்ளும். பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிற கேரளத்து அண்ணன் ஒருவர் அப்படித்தான் மாட்டிவிட்டு சூப்பர்மார்க்கெட்டுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்தால் கொக்கியில் இரண்டு இரும்பு வளையமும் இரண்டு அங்குலப் பட்டையும் மட்டும் தொங்குகின்றன. வெட்டின இடம் கத்தரிக்கோல் வைத்த மாதிரி நேராக இருந்ததாம். பட்டை அறுந்த ஹெல்மெட்டை வைத்து அந்தத் திருடன் என்ன செய்வான் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. பட்டை இல்லாத ஹெல்மெட் மோதிய வேகத்திலேயே தலையை விட்டுக் கழன்று போகும், யாருக்கும் உதவாது. ஆனாலும் கொண்டு போகிறார்கள்.

அதனால் வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பட்டையை நம்பாதே. பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கேபிள் கிடைக்கும், சுண்டுவிரல் தடிமனுக்கும் குறைவு. அதை ஹெல்மெட்டின் முகப்பு வழியாக விட்டு, நாடிப்பக்கத்துக் கெட்டிப் பகுதியைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாக எடு. முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட்டுக்குத்தான் இது சரிவரும், அரை ஹெல்மெட்டில் சுற்ற இடமே இல்லை. கேபிளின் இன்னொரு முனையை ஜாக்கெட்டின் ஒரு கைக்குள் விட்டுக் கழுத்துப் பக்கமாக எடுத்து, வண்டியின் சட்டத்தில் சுற்றிப் பூட்டினால் ஜாக்கெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கையுறையை ஹெல்மெட்டுக்குள் திணிக்காதே, வெறுங்கையால் எடுத்துவிடலாம். அதை எப்போதும் கைப்பைக்குள் வை. கேபிளும் கட்டிங் பிளேயருக்கு முன்னால் நிற்காது. போகிற போக்கில் கை வைக்கிறவனைத் தடுக்கும், அவ்வளவுதான். ஒரு காபி குடித்து வருகிற நேரத்துக்குச் சரி, ஒரு ஷிப்ட் முழுக்க விட முடியாது.

திருடன் வராவிட்டாலும் மழை வரும். நனைந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு டிசம்பர் ராத்திரியில் வீட்டுக்கு ஓட்டிப் பார், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து சாலையே தெரியாது. இங்கத்து மழை நம் ஐப்பசி மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் பூராவும் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும்.

வண்டியின் பின்னால் பெட்டி மாட்டிக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் அளவு பார்த்து வாங்கு. முழு ஹெல்மெட் ஒன்று தாராளமாகப் போகிற லிட்டர் அளவு வேண்டும். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையே கொண்டு போய் உள்ளே வைத்து மூடிப் பார்த்துவிட்டுக் காசு கொடு. சிலவற்றில் லிட்டர் கணக்கு சரியாக இருந்தும் மூடி இறங்காது. பெட்டியின் பூட்டும் பிளாஸ்டிக்தான், திருகுளி வைத்து நெம்பினால் வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் அதிலுள்ள பாதுகாப்பு. ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தும்போது பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டு வந்துவிடு.

நான் கடைசியில் செய்வது என்ன தெரியுமா? சங்கிலி வண்டியோடு, மற்ற எல்லாம் என்னோடு. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு இரும்பு லாக்கர் கொடுத்திருக்கிறார்கள், அகலம் ஒரு சாண்தான் இருக்கும். ஹெல்மெட் அதற்குள் போகாது. மேனேஜரிடம் கேட்டேன், மெயில் போடச் சொன்னார், போட்டேன், மாதக்கணக்காகிறது. அதனால் ஸ்டாஃப் ரூமில் ஹீட்டர் பக்கத்துக் கொக்கியில் ஜாக்கெட், அலமாரி உச்சியில் ஹெல்மெட், பூட்ஸ் லாக்கருக்குள். ஹீட்டர் மேலேயே எதையும் போடக்கூடாது, தோல் விறைத்துப் போகும். ராத்திரி டூட்டிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வயலட் ஹெல்மெட் என்னுடையது என்று தெரியும், யாரும் தொடுவதில்லை.

ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்குள் போவதற்குக் கூச்சப்படாதே. தலையில் மாட்டிக்கொண்டு போனால்தான் பிரச்சினை. பெட்ரோல் போடுகிற இடத்திலும் வங்கியிலும் கழற்றச் சொல்லி எழுதி ஒட்டியிருப்பார்கள், கழற்றாவிட்டால் சில பங்கில் பெட்ரோல் விட மாட்டார்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய் வாங்குகிற கடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பார். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனால் செருப்பு வைக்கிற தட்டில் மேல் வரிசையில் வைத்துவிட்டுப் போகிறேன், இதுவரை வைத்தது வைத்தபடி இருக்கிறது. முருகன் பார்த்துக்கொள்கிறாரோ, கேமரா பார்த்துக்கொள்கிறதோ!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதே. என் பாலிசியில் விபத்தில் ஹெல்மெட் உடைந்தால் பணம் உண்டு, வெளியே விட்டுப்போய்க் களவு போனால் கிடையாது. நீ எடுக்கும்போது அந்த வரியைத் தேடிப் படி.

இன்னொன்று, இதை நீ விரும்ப மாட்டாய். உன் நண்பன் சொன்னானே, படித்துக்கொண்டே வண்டி வாங்கிச் சாப்பாடு டெலிவரி பண்ணலாம் என்று. ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. அந்த ஆப் வேலைகள் அந்தக் கணக்கில்தான் வரும். பிடிபட்டால் விசாவுக்கே ஆபத்து. கடையில் சம்பளத்துக்குப் போகலாம், படிப்பு நடக்கிற நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம். அதனால் வண்டி ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடு. நம் லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும், இந்த ஊர் லைசென்ஸாக மாற்றவும் முடியாது. பிறகு தற்காலிக லைசென்ஸ் எடுத்து, சி.பி.டி. என்ற பயிற்சி முடித்து, எல் பலகை மாட்டிக்கொண்டு 125 சிசி வரை ஓட்டலாம். அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். நடு லண்டனுக்குள் போகிற காருக்கு வாங்குகிற நெரிசல் கட்டணம் பைக்குக் கிடையாது என்பதும், ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்பதும்தான் எனக்கு லாபம். உன் காலேஜ் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது, உனக்கு அந்த லாபம் இல்லை.

அப்படியும் வாங்கத்தான் போகிறாய் என்றால், வண்டியைப் பார்ப்பதற்கு முன் காலேஜ் பக்கம் வளையம் பதித்த பார்க்கிங் இடம் இருக்கிறதா, உள்ளே ஹெல்மெட் கொள்கிற லாக்கர் தருவார்களா என்று கேட்டு எழுது. இரண்டும் இல்லையென்றால் நான் காசு தர மாட்டேன், அத்தானிடம் தனியாகக் கேட்டாலும் கிடைக்காது.

ஹெல்மெட் நான் வாங்கி வைக்கிறேன். தையல்கார டேப்பால் புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டை துருத்தியிருக்கிற இடத்தைச் சுற்றி அளந்து சென்டிமீட்டரில் எழுது. முடி வெட்டிக்கொண்ட பிறகு அள.

அன்புடன்,
அக்கா