நாட்டுப்படகுக்கும் இடிதாங்கி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அந்நாள்களிலும் கடலுக்குப் போகின்றன. கோடை இடிமழை பெய்யும் காலமும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையிலோ நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கடல்மேலேயே இடிமேகம் திரளும். ‘மின்னல் வெட்டினால் கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற அறிவிப்பு கரையில் இருப்பவருக்கு உதவும். வலை விட்டுவிட்டுக் காத்திருப்பவர் என்ன செய்வார்?

ஃபைபர் படகில் மின்சாரம் பாயாது, ஆகவே பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. கொடிக்கம்பிலோ வயர்லெஸ் ஆன்டெனாவிலோ இறங்கும் மின்னல் எப்படியும் தண்ணீரைத் தேடும். வழி இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஆள்மேல் தாவும், அல்லது படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகும்.

வழியை நாமே போட்டுக் கொடுக்கலாம். 9 மீட்டர் படகின் நடுவில், உச்சி தண்ணீரிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஒரு மூங்கில் கம்பம். அதன் நுனிக்கு மேல் 15 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி. அங்கிருந்து 25 சதுர மி.மீ. செம்பு வயர் நேராகக் கீழே வர வேண்டும். வளைத்தே ஆகவேண்டுமென்றால் 20 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். சடக்கென்று மடித்த இடத்தில் மின்னல் வயரை விட்டு வெளியே தாவிவிடும். இணைப்புகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், உருகிவிடும். லக் (வயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோகக் காது) வைத்து நசுக்கி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பைச் சுரண்டித் தேய்க்காமல் விட்டால் அந்த இடமே சூடேறி அறுந்துபோகும்.

வயரின் கீழ்முனையில் 30 செ.மீ. சதுரமும் 5 மி.மீ. தடிமனும் கொண்ட செம்புத் தகடு வேண்டும். எடை சுமார் 4 கிலோ வரும். மணலில் இழுத்துப் போடும் படகுக்கு அடியில் தகடு பதித்தால் தேய்ந்துவிடும். அதனால் கம்பத்துக்கு நேரே பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழுதும் தண்ணீரில் மூழ்கச் செய்யுங்கள். சிலர் தகட்டுக்குப் பதில் இரும்புச் சங்கிலியைத் தொங்கவிடுகிறார்கள். துருவேறிய கண்ணிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை. அதை நம்ப வேண்டாம்.

கம்ப உச்சியிலிருந்து 45 பாகைச் சரிவில் ஒரு கூடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவர் தலை தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கம்பத்திலிருந்து 5 மீட்டர்வரை அதற்குள் அடங்கும். அணியத்திலும் (படகின் முன்முனை) அமரத்திலும் (பின்முனை) உட்கார்ந்திருப்பவர் தப்பலாம். எழுந்து நின்றால் தலை வெளியே வந்துவிடும். இதுவும் முழு உத்தரவாதம் அல்ல. ஆனாலும் வெறும் ஃபைபரில் இருப்பதைவிடப் பன்மடங்கு மேல். நாட்டுப்படகு எஞ்சினுக்கு மானியம் தரும் மீன்வளத் துறை, இந்தச் செம்பையும் சேர்த்தே தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 விநாடி ஆனால் 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே மின்னல் உங்களை எட்டும். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலி முன்கூட்டியே சொல்லும், ஆனால் கரை மறைந்தால் சிக்னலும் போய்விடும். தகட்டை இறக்குவதெல்லாம் இடிமேகம் தலைக்கு மேல் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். அதிர்ச்சியில் மயங்கிக் கடலில் விழுபவரால் நீந்த முடியாது. வலைக்கு மிதவை கட்டி விட்டுவிடுங்கள். கையும் காலும் தண்ணீரில் படக்கூடாது. வயரிலிருந்து 2 மீட்டராவது விலகி, குனிந்து உட்காருங்கள். எஞ்சின் பிடிப்பவர் மறுகையால் வேறு எந்த உலோகத்தையும் தொடக்கூடாது. வயர்லெஸ்ஸின் ஆன்டெனா இணைப்பைக் கழற்றிவிட்டு, கையடக்க ஜிபிஎஸ்ஸையும் போனையும் மூடியுள்ள அலுமினியக் குண்டானுக்குள் வையுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டால் தொடப் பயப்படாதீர்கள், உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. பலருக்கு அடிபட்டிருந்தால் அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் போங்கள். முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மூச்சில்லாதவரை வலைக்குவியல்மேல் கிடத்தி நெஞ்சை அழுத்தினால் பயனில்லை. கெட்டியான பலகையில் மல்லாத்தி, நடுநெஞ்சில் 5 செ.மீ. அமுங்குமாறு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர் மாறிக்கொண்டு, கரை சேரும்வரை தொடருங்கள்.

– படகுப் பாதுகாப்புப் பயிற்றுநர், நாகப்பட்டினம்