ஹார்ட்டில்பூலில் நிற்கும் திருகோணமலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததையும், ஊன்றுகோலின் துணையோடு கோணேசர் கோவில் ஏற்றத்தை ஏறிவிட்டாய் என்பதையும் வாசித்து எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதல். மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. மூத்தவளுக்கு இடமாற்றம் கிடைத்ததும், பேரன் நீச்சல் பழகுவதும் நல்ல செய்திகள். இங்கே குளிர் இன்னும் போகவில்லை. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. "இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நிற்கும் 'திருகோணமலை' என்ற இங்கிலீசுக்காரனுடைய பழைய போர்க்கப்பலுக்கு நீ ஏன் வீடு வீடாகப் போய்க் காசு சேர்க்கிறாய்? நம்முடைய ஊரைப் பிடித்த பெருமையில்தானே அவன் அதற்கு அந்தப் பெயரை வைத்தான்?" என்று கேட்டிருக்கிறாய். இங்குள்ள நம்மவர்களும் இதையே கேட்டார்கள். வாசலில் நின்றபடி அவர்களுக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. உனக்காவது முழுவதையும் எழுதுகிறேன்.

உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1795-இல் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள், பிறகு அந்த ஊரின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலைச் செய்த கைகள் யாருடையவை என்று பார். அது பம்பாயில் கட்டப்பட்டது. கட்டிய தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்த் துறையில் கப்பல் கட்டியது. மரம் முழுவதும் மலபார்த் தேக்கு. நெப்போலியன் காலத்துப் போர்களால் இங்கிலாந்தில் நல்ல ஓக் மரம் அரிதாகிவிட, கடற்படை நம் பக்கத்துத் தேக்கையும் நம் பக்கத்துத் தச்சர்களையும் தேடி வந்தது. 1816-இல் அதன் ஏராவில் (கப்பலின் அடிமரத்தில்) வாடியா வெள்ளி ஆணி ஒன்றை அடித்துப் பார்சி முறைப்படி வேலையைத் தொடக்கிவைத்தார். 1817 அக்டோபர் 12-ஆம் நாள் கப்பல் தண்ணீரில் இறங்கியது.

இருநூறு ஆண்டுகள் தாண்டியும் அது மிதக்கிறது. பிரிட்டனில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான். மூல மரத்தில் பாதிக்கு மேல் இன்னும் அதே மரம். ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணிகளைத் தின்றுவிடும். தேக்கின் எண்ணெய் அவற்றைக் காக்கும். மரத்தின் குணத்தைச் சொல்லிவிட்டு அதைத் தேர்ந்து அறுத்து இழைத்துப் பொருத்தியவர்களைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். பீரங்கித் தளத்தில் நின்று பக்கவாட்டு வங்குகளை, அதாவது கப்பலின் விலா மரங்களை, தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் தெரியாத தச்சர்களின் நினைவுதான் வருகிறது. அவர்கள் கட்டியவற்றில் கண்ணுக்கு முன்னால் எஞ்சியிருக்கும் பெரிய சான்று இது. நான் காசு சேர்ப்பது அவர்களுக்காக.

இந்தக் கப்பல் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இதன் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கொண்டுபோனது ஜாவா என்ற கப்பல். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற போர்க்கப்பல் அதைத் தோற்கடித்து எரித்தது. வரைபடங்களும் போயின. மறுபடி பிரதி எடுத்து அனுப்பிய பிறகே பம்பாயில் வேலை நடந்தது. அந்தக் கான்ஸ்டிட்யூஷனும் இன்று போஸ்டனில் மிதக்கிறது! அன்று எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு கடற்படைகளின் கப்பல்கள், இரண்டையும் பொதுமக்களின் காசு காப்பாற்றியிருக்கிறது.

கான்ஸ்டிட்யூஷனுக்குக் காசு சேர்த்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1925-இல் அதன் நிலை மோசமாக இருந்தது. கடற்படைச் செயலர் கர்ட்டிஸ் வில்பர் நாடு முழுவதும் நன்கொடை கேட்டார். பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு கொண்டுவந்து போட்டார்கள். அப்படிச் சேர்ந்தது மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். கப்பலின் ஓவியத்தை அச்சிட்டு விற்றார்கள். பழைய மரத்துண்டுகளில் நினைவுப் பொருட்கள் செய்து விற்றார்கள். அப்போதும் போதவில்லை, 1930-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மீதிக்கு 3,00,000 டாலர் வரை ஒதுக்கியது. 1931-இல் கப்பல் மறுபடி சேவைக்கு வந்து, மூன்று ஆண்டுகளில் 90 துறைமுகங்களுக்குப் போனது. காசு போட்ட பிள்ளைகளின் ஊர்களுக்குக் கப்பலே தேடிப் போனது. 46 லட்சம் பேர் ஏறிப் பார்த்தார்கள். கொடுத்தவனுக்கு அவன் கொடுத்ததன் பலனைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பதை அவர்கள் அன்றே புரிந்துவைத்திருந்தார்கள். இன்று பெரிய விளம்பரங்களோடு நிதி திரட்டும் எத்தனையோ பேர் இதைச் செய்வதில்லை.

இங்கே நம் கப்பலின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. கடற்படையில் வட அமெரிக்கக் கரையிலும் பசிபிக்கிலும் சுற்றியது, பிறகு பயிற்சிக் கப்பலானது. 1897-இல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்ற செல்வந்தர் உடைப்பவர்களிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார். புகழ்பெற்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் பயன்படுத்திய பழைய ஃபூட்ரோயன் கப்பலை அவர் பையன்களுக்குப் பயிற்சி தர வைத்திருந்தார். அது அதே ஆண்டு பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிக்கி உடைந்துபோனது. அதன் மரத்திலும் செம்பிலும் செய்த பொருட்கள் விற்கப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த திருகோணமலைக் கப்பலுக்கு அவர் அந்தப் பழைய பெயரையே சூட்டினார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நம் ஊர்ப் பெயர் மறைந்து கிடந்ததற்கு அதுதான் காரணம். 1986 வரை பிள்ளைகள் அதில் கடல்தொழில் பழகினார்கள்.

இதற்கிடையே 1949-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. போர்ட்ஸ்மத்தில் அதன் அருகிலேயே இம்ப்ளேக்கபிள் என்று இன்னொரு மரக்கப்பல் நின்றது. 1800-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. டிராஃபல்கர் போரில் சண்டையிட்டுத் தப்பி, சில நாட்களில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. அதையும் வீட்லி காப்தான் முன்பு அழிவிலிருந்து மீட்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழுதுபார்க்கப் பணம் இல்லை என்றார்கள். பிரான்சுக்குக் கொடுக்க முன்வந்தார்கள், அவர்களுக்கும் வேண்டாம். டிசம்பர் 2-ஆம் நாள் கடலுக்கு இழுத்துப்போய், பிரிட்டன் கொடியையும் பிரெஞ்சுக் கொடியையும் சேர்த்துப் பறக்கவிட்டு, வெடிவைத்து மூழ்கடித்தார்கள். பின்புற அலங்காரமும் முகப்புச் சிலையும் மட்டும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரியாதை அணிவகுப்புக்குச் செலவழிக்க மனம் இருந்தது, பழுதுபார்க்கத்தான் மனம் வரவில்லை. அன்று எழுந்த வருத்தம்தான் பிறகு பல கப்பல்களைக் காப்பாற்றத் தூண்டுதலாக இருந்தது என்கிறார்கள். அந்த வருத்தம் ஓர் ஆண்டு முன்னதாக வந்திருக்கலாம்.

இந்தியாவின் விக்ராந்தும் இப்படித்தான் போனது. 1971 போரில் பங்கெடுத்த விமானந்தாங்கிக் கப்பல்; 1997-இல் ஓய்வு பெற்றது; மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக இருந்தது. காப்பாற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. 2014-இல் உடைக்கத் தொடங்கினார்கள்.

ஹார்ட்டில்பூல் எப்படி வேறு வழியில் போனது என்பதுதான் எனக்கு முக்கியம். கப்பல் கட்டி வாழ்ந்த ஊர் அது. 1960-களின் தொடக்கத்தில் வில்லியம் கிரே கப்பல் தளம் மூடப்பட்டது. பிறகு எஃகு வேலைகளும் குறைந்து, தொழில் தெரிந்த மனிதர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். அந்த ஊரில்தான் 1979 முதல் 1987 வரை வாரியர் என்ற இரும்புக் கப்பலைப் புதுப்பித்தார்கள். அது முடிந்து வாரியர் போர்ட்ஸ்மத்துக்குப் போன அதே ஆண்டில், போர்ட்ஸ்மத்திலிருந்து நம் கப்பலைப் பெரிய மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கப்பலில் கைவந்த வேலை அடுத்த கப்பலுக்குப் பயன்பட்டது. 1992-இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. 2001-இல் வேலை முடிந்தபோது செலவு 1 கோடியே 5 லட்சம் பவுண். 1994-இல் இந்நாட்டில் தேசிய லொத்தர் (லாட்டரி) தொடங்கி, அதில் ஒரு பங்கு மரபுச் சின்னங்களுக்குப் போனது. அங்கிருந்தும் பெரிய உதவி வந்தது. ஆனால் லொத்தர் நிதி தனியாக வந்துவிடாது. "உங்கள் பங்குக்கு எவ்வளவு சேர்த்தீர்கள், ஊர் உங்களோடு நிற்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். சின்னச் சின்ன நன்கொடைகளின் பலம் அங்கேதான். ஐந்து பவுண் போட்ட ஆயிரம் பேர், பெரிய தொகை கொடுக்கிறவரின் மனத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மரக்கப்பலைக் காப்பாற்றுவது ஒரு முறை செய்து முடிக்கும் காரியம் அல்ல. உப்புநீர் மரத்தைப் பெரும்பாலும் காக்கும். மழைநீர்தான் மேல்தளத்தின் இடுக்குகளில் இறங்கி உளுக்கச் செய்யும். கான்ஸ்டிட்யூஷனைப் பழுதுபார்த்தபோது, அமெரிக்காவின் பென்சகோலாவில் எழுபது ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் போட்டுவைத்திருந்த ஓக் மரங்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை கெடவே இல்லை. நிற்கும் கப்பலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பலகைகளுக்கிடையில் கலப்பற்று (நீர் புகாமல் இடுக்கை அடைப்பது) மறுபடி மறுபடி அடிக்க வேண்டும், கயிறுகளுக்குத் தார் பூச வேண்டும், பாய்மரங்களை இறக்கிப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியைத் தண்ணீர் தாங்க, முனைகள் இரண்டும் தம் பாரத்தால் தொங்க, ஏரா மெல்ல வளைகிறது. அதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். "மூழ்கப்போகிறது, காப்பாற்றுங்கள்" என்றால் காசு வரும். "தார் வாங்க வேண்டும்" என்றால் வராது. நான் வீடுகளுக்குப் போகும்போது பாய்மரப் படத்தைக் காட்டுவதில்லை. தார் டப்பாவைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும்தான் பேசுகிறேன். மாதம் ஒரு சிறு தொகை, தவறாமல். ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் காசு எந்தப் பலகையில் இருக்கிறது என்று பார்த்து வரும்படி சொல்கிறேன். எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் தொடர்ந்து தருகின்றன. திருகோணமலை என்று பின்புறத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சியை நீ நேரில் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு வேதனையும் உண்டு. வல்வெட்டித்துறையில் நம் ஓடாவிகள் (கப்பல் தச்சர்கள்) கட்டிய அன்னபூரணியை நினைத்துப் பார். இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்த, 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பம்பாய்த் தச்சர்களின் வேலையைத் தொட்டுப் பார்க்க என்னால் ஹார்ட்டில்பூலுக்குப் போக முடிகிறது. நம் ஓடாவிகளின் வேலையைத் தொட்டுப் பார்க்க எங்கே போவது? கப்பல் கட்டிய அறிவு இன்னும் சில முதியவர்களிடம் மட்டும் இருக்கிறது. ஏராவின் நீளத்துக்கு வங்கு எத்தனை, எந்த வளைவுக்கு எந்த மரம் என்பதெல்லாம் அவர்கள் மனக்கணக்கு. அவர்களோடு அதுவும் போய்விடும்.

நீ நல்ல காலோடு இருக்கும்போதே கேட்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு அடுத்த முறை போகும்போது வல்வெட்டித்துறைக்கு ஒரு நாள் ஒதுக்கு. கட்டுமரம், வள்ளம், தோணி எதுவாக இருந்தாலும் சரி, கட்டத் தெரிந்த முதியவர்களைத் தேடிப் பேசு. அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய். கருவிகளைப் படம் எடு. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிவை. கிடக்கும் பழைய படகுகளை அளவெடுக்கத் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அவர்களுக்குச் சாப்பாடு, பஸ் செலவு, நாள் கூலி எல்லாம் இங்கே நாங்கள் திரட்டித் தருகிறோம். கேட்டுவிட்டேன், இங்குள்ளவர்களுக்குச் சம்மதம். இந்தக் கப்பலுக்குக் கொடுப்பதில் ஒரு காசும் குறைக்காமல் தனியாகச் சேர்க்கப் போகிறோம்.

எவ்வளவு தேவைப்படும் என்று ஓர் உத்தேசக் கணக்குப் போட்டு அனுப்பு. வங்கி விபரத்தையும் சேர்த்து எழுது. தையிட்டிப் பக்கம் உன் மைத்துனர் இன்னும் இருந்தால் அவரையும் இதில் இழுத்துவிடு. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்