மாலதிக்கு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றி

அன்புள்ள மாலதி,

மூன்று மாதமாய்ப் பதில் போடாத குற்றவாளிதான் எழுதுகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் ஜெயா உன் சார்பில் ஏற்கெனவே திட்டிவிட்டாள். அதனால் மன்னிப்பு, நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்ததாக வைத்துக்கொண்டு நேரே உன் டிவிக்குப் பின்னால் போகலாம். டிவியின் ஒலியைப் பழைய ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகப் புதுக் கேபிள் வாங்கிச் செருகியும் சில சேனல்களில் சத்தமே வரவில்லை என்று புலம்பியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ "சதுரமான பொந்து" என்று எழுதியிருப்பதுதான் ஆப்டிகல் அவுட், டிவியின் ஒலியை வெளிச்சமாக்கி வெளியே அனுப்பும் வாசல். டாஸ்லிங்க் என்பார்கள். 1983-இல் தோஷிபா தன் சிடி பிளேயருக்காகச் செய்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தின சங்கதியா என்று முகம் சுளிக்காதே. உன் அவஸ்தைக்கு அந்தக் கிழவிதான் மருந்து.

முதலில் ஒரு சந்தேகம். கேபிளின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி குட்டிப் பிளாஸ்டிக் மூடி இருந்ததே, கழற்றினாயா? படத்தில் ஒரு முனையில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. "எல்லாம் செருகியாச்சு" என்று நீ எழுதியதைப் படித்தபோதே எனக்கு அந்த ஹாஸ்டல் இஸ்திரிப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. மூடியோடு செருகினால் பாதிதான் உள்ளே போகும், கொஞ்ச நேரத்தில் தானாக நழுவி வெளியே வரும். பிளக்கின் சதுரத்தில் இரண்டு மூலை மட்டும் சீவிவிட்டது போல இருக்கும். பொந்திலும் அதே வடிவம். அதைப் பொருத்திப் பார்த்து, அந்தச் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் "டிக்" என்று உட்கார வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் உட்காரவில்லை என்று அர்த்தம். முரட்டுத்தனமாய் அழுத்தினால் கதவு முறிந்து உள்ளே விழும். அப்புறம் ஊசியை வைத்துக்கொண்டு துழாவ வேண்டியதுதான்.

இப்போது ஒரு சோதனை. டிவியைப் போடு. ஒரு முனை டிவியில் இருக்கட்டும். மறுமுனையைக் கையில் எடுத்து ஒரு வெள்ளைத் தாளுக்கு அருகே பிடி. கடுகளவு சிவப்புப் புள்ளி விழும். அது 650 நானோமீட்டர் வெளிச்சம், சாதாரண எல்.இ.டி., லேசர் இல்லை. அதற்காகக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்காதே, தாளே போதும். புள்ளி அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி போகும்போது அதில் நொடிக்கு 30,72,000 பிட்டுகள் ஓடுகின்றன, நம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் அது சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. புள்ளி விழுந்தால் கேபிள் நல்ல கேபிள், டிவியின் பொந்தும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சத்தம் போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. டிவியில் யாரும் பேசாத நேரத்திலும் மௌனத்தை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, புள்ளி விழுகிறது, சத்தம் இல்லை. உனக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உன் ஆம்ப்ளிஃபையர் பழையது, சிவப்பு வெள்ளை பின் மட்டும்தான் அதற்குத் தெரியும். நடுவில் ஒரு சின்ன டப்பா வாங்கிப் போட்டிருக்கிறாய். ஒரு பக்கம் வெளிச்சம் போகும், மறு பக்கம் ஒலி வரும். அந்த மாதிரி டப்பாக்களில் பலவற்றுக்குப் பிசிஎம் என்ற ஒரே பாஷைதான் புரியும், அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி. டிவியோ "ஆட்டோ"வில் இருந்தால் டால்பி என்ற சுருக்கிய ஒலியில் பேசிக்கொண்டிருக்கும். புரியாத டப்பா வாயை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் கரகரவென்று கத்தும். டிவி மெனுவில் ஒலிப் பகுதிக்குப் போய் "டிஜிட்டல் அவுட்" என்ற இடத்தில் ஆட்டோ, பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம், டால்பி என்று என்ன இருந்தாலும் பிசிஎம் என்று மாற்று. ஒரு சேனலில் சத்தம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அது பேயும் இல்லை பிசாசும் இல்லை, இதுதான். செட்டாப் பாக்ஸுக்கும் தனி ஒலி மெனு உண்டு, அங்கேயும் ஒரு பார்வை பார்.

கடைக்காரர் தங்க முலாம் பூசிய ஆப்டிகல் பிளக் கொடுத்தாரென்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அடியே, உள்ளே போவது வெளிச்சம். தங்கத்தைப் பார்த்து அது எதற்கு மயங்கப் போகிறது? உள்ளே இருப்பது 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழை, அவ்வளவுதான். அதற்குத் தங்கம் வேண்டாம், இரண்டு மரியாதை செய்தால் போதும். கூர்மையாக மடக்காதே. வளைவின் ஆரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. டிவியைச் சுவரோடு ஒட்ட மாட்டியிருந்தால் பின்னால் நேராய் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் நசுங்கும். எல் வடிவ அடாப்டர் கிடைக்கும், அதைப் போடு. முனையை விரலால் தொடாதே. தொட்டுவிட்டால் உலர்ந்த மென்மையான துணியால் ஒற்றி எடு. நீளம் 5 மீட்டர் வரை கவலையே இல்லை, நல்ல கேபிள் என்றால் 10 வரை இழுக்கும். 2 மீட்டர் வேண்டிய இடத்துக்கு 10 மீட்டர் வாங்கிச் சுருட்டி முடிச்சுப் போடாதே.

அந்த "ங்ங்ங்" என்ற இரைச்சல்: முன்பு ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுத்திருந்தபோது வந்தது, இல்லையா? டிவியின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் அந்த வயர் வழியாய் ஒரு வளையமாகிவிட்டிருக்கும். மின்சாரத்தின் முணுமுணுப்பு அதில் சுற்றிக்கொண்டு ஸ்பீக்கரில் வரும். ஆப்டிகல் இழையில் உலோகமே இல்லை, வளையம் அறுந்துவிடும். இதற்காகவே நான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. அந்த டப்பாவுக்கு வேண்டிய 5 வோல்ட்டை டிவியின் யுஎஸ்பி-யிலிருந்தே எடுத்தால், பின்வாசல் வழியாய் வளையம் திரும்ப வந்துவிடும். இரைச்சல் போகவில்லை என்று கேபிளை வைவார்கள், பாவம் அது என்ன செய்யும். தனியாக ஒரு போன் சார்ஜரில் டப்பாவைப் போடு.

உன் வீட்டுப் பொருளாளர் அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போன்ற டால்பி வகை, கேட்கிறாராமே. ஆப்டிகலில் வராது. ஸ்டீரியோ பிசிஎம், சாதாரண டால்பி 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி), அதன் போட்டியாளரான டிடிஎஸ் 5.1, அதோடு கதவு சாத்திக்கொள்ளும். டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஹெச்டி என்ற டால்பியின் பெரிய வகைகள் எல்லாம் அந்தக் குழாய்க்குள் நுழையாது. அவருக்குப் படமும் ஒலியும் சேர்ந்து போகும் ஹெச்டிஎம்ஐ-யில், ஒலியை டிவியிலிருந்து திருப்பி அனுப்பும் இ-ஆர்க் என்று எழுதிய பொந்துதான். புரொஜெக்டருக்கு 15 மீட்டர் இழுக்கப் போகிறார் என்றால் அதற்கு ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் என்று வேறு ஒன்று இருக்கிறது. படத்தைக் கண்ணாடி இழைகளில் கொண்டுபோகும். அதில் இரண்டு முனையும் ஒன்றல்ல. "சோர்ஸ்" என்று எழுதியது பாக்ஸ் பக்கம், "டிஸ்ப்ளே" என்று எழுதியது திரை பக்கம். சுவருக்குள் பதித்த பிறகு மாற்றி வைத்தது தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கும். பதிக்கும் முன் தரையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல். சொன்னால் கேட்பாரா என்பது உன் பாடு.

இதுவரை எழுதியதெல்லாம் சும்மா. உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்காகத்தான் உட்கார்ந்தேன். அம்மா டிவிக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள், சத்தத்தை வைத்தால் வீட்டில் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், இப்போதெல்லாம் அம்மாவே "நான் பார்க்கலம்மா" என்று எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போகிற போக்கில் எழுதியது போல இருந்தது. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

வயதாகும்போது காது பெரும்பாலும் உச்ச ஸ்தாயியைத்தான் முதலில் இழக்கும். ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. வால்யூமை ஏற்றினால் உயிரெழுத்து இடி மாதிரி விழும், சொல் மட்டும் புரியாது. அதோடு அறையின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு தெரியல" என்று அம்மா சொல்வது வீம்பு இல்லை, மாலதி. அதுதான் நடக்கிறது.

அந்த ஆப்டிகல் பொந்தை அம்மாவுக்குக் கொடு. வயர்லெஸ் ஹெட்போன்களில் மேஜைமேல் ஒரு நிலையம் வைத்து, அதிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்புகிற வகை உண்டு. நிலையத்தில் ஆப்டிகல் இன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஹெட்போன் ஜாக்கில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் வாயடைத்துவிடும், அம்மாவுக்குக் கேட்டால் உங்களுக்குக் கேட்காது. ஆப்டிகலில் பெரும்பாலும் அந்தத் தகராறு இல்லை. மெனுவில் "டிவி ஸ்பீக்கர் + ஆப்டிகல்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்துகொள். இன்னொரு சௌகரியம், அதன் ஒலி அளவு அனேகமாய் மாறாது. ரிமோட்டில் நீ கூட்டினாலும் குறைத்தாலும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, அவர்களுக்கு வேண்டிய அளவை ஹெட்போனில் உள்ள சக்கரத்தில் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ராத்திரி டிவி வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு நீங்கள் தூங்கலாம், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். ரிமோட்டில் சத்தம் குறையவில்லையே, கோளாறு போல என்று திருப்பிக் கொடுத்துவிடாதே. இந்த வழியின் சுபாவமே அது.

புளூடூத் மலிவாய்க் கிடைக்கிறதே என்று கேட்பாய். தாமதம்தான் தகராறு. காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் வாயசைவைப் படிக்கிறார்கள். சத்தம் படத்துக்கு 125 மில்லிசெகண்ட் பின்தங்கினாலே சாதாரணமாகவே கண்டுபிடித்துவிடுவோம். சாதாரண புளூடூத் சுலபமாய் அதைத் தாண்டிவிடும். உதடு ஒன்று சொல்லும், காதில் வேறு விழும், அம்மா இன்னும் குழம்பிப் போவார்கள். அகச்சிவப்பு ஹெட்போன் என்று ஒன்றும் உண்டு. தாமதம் இல்லை, ஆனால் குறுக்கே ஆள் நடந்தால் அறுபடும், வெயில் நேராய் விழுகிற ஜன்னல் பக்கம் கரகரக்கும். உங்கள் வீட்டில் குறுக்கே நடக்காத ஆள் யார்?

இங்கேயும் அதே பிசிஎம் சமாச்சாரம்தான், மறக்காதே. நிலையம் டால்பி புரியும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலொழிய டிவியைப் பிசிஎம்-இலேயே வை. தாமதமும் அதில்தான் குறைவு. அப்படியும் படமும் ஒலியும் ஒட்டவில்லை என்றால், ஒலி முந்துகிறதா பிந்துகிறதா என்று முதலில் பார். முந்தினால் டிவி மெனுவில் ஆடியோ டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்று. பிந்தினால் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. அதற்குக் கீழே இறக்க வழியில்லை.

இனி ஆம்ப்ளிஃபையர் என்ன ஆகும் என்று கேட்பாய். பொந்து ஒன்றுதான். ஸ்ப்ளிட்டர் போடலாம். வயர் மாதிரி ஒன்றை இரண்டாய்ப் பிரிக்கும் சாதா வகை வெளிச்சத்தைப் பாதியாக்கும், அருகில் இருந்தால் ஓடும், தூரம் என்றால் திக்கும். 5 வோல்ட் வாங்கி இரண்டு பக்கமும் புதிதாய் வெளிச்சம் போடும் வகையை வாங்கு. அம்மாவின் இணைப்பு ஒரு நாளும் அறுபடக் கூடாது.

அம்மா காதுக் கருவி போட்டிருக்கிறார்களா? நீ எழுதவே இல்லை. காதுக்குப் பின்னால் வைக்கிற வகை என்றால், மேலே ஹெட்போனை அழுத்தி வைத்ததும் கீச்சென்று விசிலடிக்கலாம். காது முழுவதையும் மூடுகிற பெரிய வகை, அல்லது கருவியில் டெலிகாயில் (காந்த அலையாய் வரும் ஒலியைப் பிடிக்கும் கம்பிச் சுருள்) இருந்தால், அதற்கு ஒலியை அனுப்ப கழுத்தில் மாட்டும் லூப். எது என்று அறியாமல் வாங்காதே. காதைப் பரிசோதித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் எழுது. ஹெட்போனில் ஓரளவுக்கு மேல் சத்தம் வைத்தால் மிச்சமிருக்கும் காதையும் கெடுத்துக்கொள்ளலாம், அதனால் முதல் வாரம் சக்கரம் எங்கே நிற்கிறது என்று நீயே கவனி.

காதுக் கருவியின் பெயரை, முடிந்தால் பின்பக்கத்துப் படத்தோடு, அனுப்பு. இந்தத் தடவை மூன்று மாதம் ஆகாது. ஜெயாவிடம் சொல், அவளுக்கும் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
கலா

பி.கு.: கழற்றிய அந்த மூடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. கேபிளைக் கழற்றி வைக்கும்போது முனையில் போட வேண்டும். டிவியின் பொந்தில் இருக்கும் ரப்பர் அடைப்பும் அப்படித்தான்.