எத்தனையாவது என்று கேட்பார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அவர் பாவம், நான் எதைச் சொன்னாலும் "கண்டிப்பா அத்தை" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைத் தூக்கிப் போட மாட்டாய். அண்ணன் சண்டை போட்டு எழுதிய துண்டுச் சீட்டைக்கூட இன்னும் வைத்திருப்பவள் நீ.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை மறந்துவிட்டு, போட்டாயிற்று என்று சாதிக்கிறார். அண்ணனுக்கு வேலை மாற்றம் வரும்போல் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியை நம்பி உட்கார்ந்திருக்காதே. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளும் நாள்தான். பையை இப்போதே கட்டி வை. அதில் முதலில் போக வேண்டியது ஃபைல். குழந்தைத் துணியை யாரிடமாவது சொல்லி எடுத்து வரச் செய்யலாம். ரிப்போர்ட்டை நடுராத்திரியில் யாராலும் தேட முடியாது. ரத்தப் பிரிவு ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்பிவிடு. பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதே. எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று பார்த்துக்கொள். தண்ணீர் பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் உடனே ஓட வேண்டும். விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி என்று எது வந்தாலும் பி.பி. பார்க்கச் சொல். அப்புறம் அசைவு. கடைசி வாரங்களில் குழந்தைக்கு இடம் போதாது, அதனால் துடிப்பு குறையும் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. அசைகிற விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதே. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ. வீண் அலைச்சலாக முடிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வா.

சொல், பாப்பா. உடம்பில் எது வித்தியாசமாகப் பட்டாலும் வாயைத் திறந்து சொல். கையை முறித்துக்கொண்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் வரை சொல்லாமல், இடது கையால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாயே! எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று திட்டப் போனவள், வீங்கின மணிக்கட்டைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பெண் எவ்வளவு வலி தாங்குவாள் தெரியுமா என்று டியூட்டி ரூமில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது அதே குணத்தை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. லேபர் வார்டில் கத்துகிறவளிடம்தான் முதலில் ஓடுவோம். சத்தமில்லாமல் படுத்திருப்பவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வோம். அது சரியில்லைதான். ஆனால் ஆள் குறைவான இரவுகளில் அப்படித்தான் நடக்கும். சமர்த்துப் பிள்ளையாக அங்கே இருக்காதே.

அட்மிஷன் போடும்போது ஒரு சிஸ்டர் பேடில் காகிதத்தைச் சொருகிக்கொண்டு வருவார். பெயர், வயது, கடைசியாகத் தீட்டு வந்த தேதி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இதெல்லாம் கேட்பார். நடுவில் தலையை நிமிர்த்தாமல், "எத்தனையாவது?" என்பார். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், அடுத்த வரிக்குப் போகிற அவசரத்தில். கேஸ் ஷீட்டில் ஜி என்று போட்டு ஒரு எண், பி என்று போட்டு ஒரு எண் எழுதுவோம். ஜி என்பது எத்தனை முறை கரு தங்கியது, பி என்பது எத்தனை பிரசவம். இரண்டும் வேறு வேறு. அதில் சரியான எண் வர வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்லாதே. சம்பந்தியம்மா நல்லவர்தான், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் நீ சொல்ல வேண்டாம். சிஸ்டரிடம் "தனியாக ஒன்று சொல்ல வேண்டும்" என்றால் போதும், அவரே அனுப்பிவிடுவார். நாங்கள் தினமும் செய்கிற வேலை அது. ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் காலத்தில் கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று கணக்கு. பிரசவத்தைக் குறித்துவரும் வரைபடத்தில் கோடு தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுவோம். அந்த வேகத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. வேகமான கட்டம் 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது, முதல் பிரசவத்தில் அது 12 மணி நேரம் வரைகூடப் போகலாம் என்கிறார்கள். அதனால் மூன்று சென்டிமீட்டர்தான் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் கலங்காதே. நடக்க விட்டால் நட. கூட ஒருவர் இருக்க அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வை. துணைக்கு ஆள் இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சிசேரியன் என்று முடிவானாலும் அழாதே. முதுகில் ஊசி போட்டால் வலி தெரியாது. இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். குழந்தையைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள், தையல் போடத்தான் நேரம் பிடிக்கும். சுகப்பிரசவம்தான் ஆக வேண்டும் என்று எனக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை.

குழந்தை அழுததும் ரூமில் எல்லாருடைய கண்ணும் குழந்தை மேல்தான் இருக்கும். எனக்கு மட்டும் தாய்மேல்தான் கண். உடனே 10 யூனிட் ஆக்ஸிடாசின் போட்டாயிற்றா, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, கர்ப்பப்பை கெட்டியாகிறதா, இதைத்தான் பார்ப்பேன். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டுத்தான் கட்டுவார்கள். அதற்குள் குழந்தையை உன் மார்பில் போடச் சொல். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு. வராவிட்டாலும் வாயை வைக்க விடு, தானாக வரும். குழந்தை கையிலும் உன் கையிலும் ஒரே எண் போட்ட பட்டை கட்டியிருக்கிறார்களா பார். வார்டுக்கு வந்த பிறகு ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தால் பெல்லை அடி. ஒரு தடவைக்கு யாரும் வராவிட்டால் மறுபடி அடி. முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், குழந்தையின் ரத்தப் பிரிவு பார்க்க. எடுக்கவில்லை என்றால் கேள். அண்ணன் அப்பாவைப் போல பாசிட்டிவ், நீ என்னைப் போல நெகட்டிவ் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை பாசிட்டிவ். குழந்தை பாசிட்டிவ் என்று வந்தால் 72 மணி நேரத்துக்குள் உனக்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். அண்ணன் பிறந்தபோது எனக்குப் போட்டார்கள்.  பிரசவத்திலோ, அதற்கு முன்னால் வேறு எதிலோ, குழந்தையின் ரத்த அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால் தாயின் உடம்பு அதற்கு எதிராக ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையின் ரத்தத்தைத்தான் அது அழிக்கும். ஊசி போட்டால் உடம்பு அதைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த அணுக்கள் அகற்றப்பட்டுவிடும். 1960களின் கடைசியில்தான் இந்த ஊசி வந்தது. அதற்கு முன் இப்படிப் போன குழந்தைகளைப் பற்றி என் மூத்த சிஸ்டர்கள் சொல்வதைக் கேட்டால் சாப்பிடத் தோன்றாது.

அந்த மருந்தை இன்னமும் மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் 1,173 தடவை கொடுத்தார். 81 வயதில்தான் நிறுத்தினார், 2025 பிப்ரவரியில் காலமானார். ஊசி குத்துவதைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இருந்தும் அத்தனை தடவை கையை நீட்டியிருக்கிறார். அப்பாவிடம் சொன்னபோது கண்ணில் சொட்டு மருந்து போடாமலேயே தண்ணீர் வந்தது.

சரி, சுற்றி வளைக்கவில்லை. போன முறை உனக்கு அந்த ஊசி போட்டார்களா?

மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்மேல் கோபப்படாதே, பேச்சுவாக்கில் வந்துவிட்டது. நான்கு மாதம் முடிகிற சமயம் என்றார். அவ்வளவு நாளான பிறகு கலைந்தால் போடத்தான் வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, யார் பார்த்தார்கள், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய டி அண்ட் சி செய்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. "அம்மாவிடம் சொன்னால் அம்மாவாகப் பேச மாட்டாள், சிஸ்டராகத்தான் பேசுவாள்" என்று நீ அவரிடம் சொன்னாயாம். இருக்கட்டும். சிஸ்டராகவாவது பேச விட்டிருக்கலாம். எத்தனையோ பெண்களுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறேன் பாப்பா. என் பெண்ணுக்கு நிற்கவில்லை. அதை இனிமேல் பேசப் போவதில்லை, நீயாகப் பேசினால் கேட்பேன்.

ஒன்று மட்டும் செய். உன் ஃபைலில் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் என்று ஒரு ரிப்போர்ட் இருக்கும். உன் உடம்பு அந்த ஆயுதத்தைச் செய்து வைத்திருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் அது. முதல் செக்கப்பில் எடுத்திருப்பார்கள், 28ஆம் வாரத்தில் மறுபடி எடுத்திருப்பார்கள். 28இல் ஊசி போட்டிருந்தால், அதற்கு முன்னால் எடுத்ததைப் பார். ஊசிக்குப் பிறகு எடுத்தால் ஊசியின் சாயலே அதில் தெரியும். நெகட்டிவ் என்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். பாசிட்டிவ் என்றாலும் வழி இருக்கிறது. அளவைப் பார்த்து, ஸ்கேனில் குழந்தையின் தலைக்குப் போகிற ரத்த ஓட்டத்தைப் பார்த்து, எப்போது எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அப்படி இருந்தால் குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த டெஸ்டே எடுக்கவில்லை என்றால் நாளைக்கே போய் எடு. டாக்டரிடம் போன முறை நடந்ததையும் சேர்த்துச் சொல். நஞ்சுக்கொடி பிரியும்போது கவனமாக இருக்கவும் அவர்களுக்கு அது தெரிய வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால், எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மூன்றாம் நாள் வருவது வேறு, முதல் நாளே வருவது வேறு.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. குடும்பக் குரூப்பில் போடாதே, அப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க உலாத்துவார்.

நான் வரட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், "பார்க்கலாம்மா" என்கிறாய். வா என்றால் மறுநாளே கிளம்புவேன். வேண்டாம் என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல். லேபர் வார்டுக்குள் வந்து அந்தச் சிஸ்டர்களின் வேலையில் மூக்கை நுழைக்க மாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா

பின்குறிப்பு: போட்டோ எடுக்கும்போது தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் எடு. போன தடவை ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியபோது பாதியை உன் கட்டைவிரல் மறைத்திருந்தது.