குழியில் எத்தனை மில்லிகிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கண்காட்சிச் செய்தி என்றாலே ‘மூலிகைச் சாறு ஆன்டிபயாடிக்கை வென்றது’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பெரும்பாலும் கிராம்பு, இல்லையென்றால் நிலவேம்பு. 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது எங்கள் கன்னியாகுமரிக் கிராம்பு. அதன் எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்னும் வேதிப்பொருள். அது கிருமியின் சவ்வைக் குலைப்பதும் உண்மை. கணக்குதான் இடிக்கிறது.

இந்தச் சோதனையில், கிருமி தடவிய அகர் (கூழ் போல் உறைந்த ஊடகம்) தட்டில் ஆன்டிபயாடிக் ஏற்றிய காகித வட்டு ஒன்றை வைத்து, பக்கத்தில் வெட்டிய குழியில் சாற்றை விட்டு, இரண்டையும் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளப்பார்கள். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டு ஒன்றில் இருப்பது 10 மைக்ரோகிராம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்த சாற்றை 100 மைக்ரோலிட்டர் குழியில் விட்டால் உள்ளே போவது 10 மில்லிகிராம், அதாவது ஆயிரம் மடங்கு. வளையம் இரண்டு மில்லிமீட்டர் கூடியதில் என்ன வெற்றி?

சாறு எடுத்த ஆல்கஹாலே கிருமியைக் கொல்லும். அதை ஆவியாக்கி, எஞ்சியதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பல தட்டுகளில் அந்தக் குழியே இருப்பதில்லை. அகர் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். 9 சென்டிமீட்டர் தட்டுக்குச் சுமார் 25 மில்லிலிட்டர் பிடிக்கும். சிக்கனம் பார்த்து மெல்லிசாக ஊற்றினால் வளையம் தானாகவே விரியும்.

எண்ணெய்க்கு இதற்கு நேர்மாறான சிக்கல். தண்ணீர்ப் பதமான அகரில் அது பரவாது. கொல்லும் எண்ணெய்கூடச் சின்ன வளையத்தோடு நின்றுவிடும். ஆகவே எதையும் வளையத்தோடு விடாமல், கிருமி வளரும் திரவ ஊடகத்தில் குழாய் குழாயாகப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, கிருமி வளராத கடைசிக் குழாயைப் பார்க்க வேண்டும். எண்ணெய் என்றால், அதை நீரோடு கலக்க வைக்கும் ட்வீன் 80 சிறிது சேர்க்கலாம். அது மட்டும் விட்ட குழாயும் தேவை. கூறு பிரிக்காத முழுச்சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால் மேற்கொண்டு ஆராயலாம். ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது. தெளிந்த குழாயிலிருந்து ஒரு சொட்டைப் புதுத்தட்டில் தடவினால்தான் கிருமி செத்ததா, வளராமல் கிடந்ததா என்பது தெரியும்.

செடியின் பெயரும் சரியாக இருக்கட்டும். இங்கே நிலவேம்பு, சிறியாநங்கை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கிரியாத்து. செடி ஒன்றுதான், ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. கடைப்பொடியை நம்பாமல் பூவோடு பறித்த ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இத்தகைய செய்தி வந்தால், குழியில் எத்தனை மில்லிகிராம், கரைப்பான் மட்டும் விட்ட குழியில் என்ன ஆயிற்று என்ற இரண்டையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதும்படி வேண்டுகிறோம்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம்