பாப்பாவுக்குக் கைகொடுத்த உங்களுக்கு

மர்பி டவுன், பெங்களூரு

வீட்டுக்கு வந்து பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த அன்புள்ள டீச்சருக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும், பெற்றோர் குழுவில் உள்ள அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் பார்வையில்லாத எங்கள் பாப்பா பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்கேஜி சேரப்போகிறாள். அட்மிஷன் உறுதியானதும் உங்கள் வீடுகளுக்கு வந்து இனிப்பு கொடுத்தோம். ஆனால் மனதில் இருப்பதெல்லாம் வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமில்லை.

ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் கண்ணை 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே. பிரசவம் பார்த்த இடத்தில் யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. இப்போது அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இதே கர்நாடகாவில் 2008 முதல் கிட்ராப் திட்டத்தில் ஊர் ஊராகக் கேமராவோடு போய்ப் பச்சிளங்குழந்தைகளின் கண்ணைப் பார்க்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது தாங்க முடியவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

டீச்சர், உங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு வயது தாண்டியும் பாப்பா தவழவில்லை. வேறு ஏதும் கோளாறோ என்று பயந்துகொண்டிருந்தோம். "கண்ணுக்குத் தெரிந்தால்தானே பொம்மையைப் பிடிக்க நகரும்? சத்தம் வரும் இடத்தில் பொருள் இருக்கிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நாளாகும்" என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தீர்கள். என் மனைவி சப்பாத்தி மாவு பிசைந்து வைத்திருந்தாள். பாப்பாவின் கையைப் பிடித்து மாவில் வைக்கப் போனோம். நீங்கள் தடுத்து, உங்கள் கையை அவள் கைக்கு அடியில் கொடுத்தீர்கள். உங்கள் விரல் மாவை அமுக்க, அவள் விரல் உங்கள் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானே வழுக்கி இறங்கி மாவைத் தொட்டாள். முகம் சுளித்தாள், அப்புறம் மறுபடியும் தொட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவள் கையை இழுப்பதில்லை.

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிய, குளிக்கும் முன் துண்டு, வெளியே கிளம்பும் முன் செருப்பு என்று தொடக்கொடுக்கும் பழக்கமும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். என் அம்மா அதைக் கேட்டுவிட்டுத் தாமாகவே கண்ணாடி வளையல் போட ஆரம்பித்தார். வளையல் சத்தம் கேட்டதும் "பாட்டி!" என்று குரல் வரும்.

முட்டை அட்டையில் ஆறு குழி மட்டும் வெட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக்கு அடிபோட்டீர்கள். இடப்பக்கம் மேலும் கீழும் பழம், நடுவில் காலி: 'க'. உங்களுக்குக் கன்னடம், எங்களுக்குத் தமிழ், குழம்பிவிடுவாளே என்று கேட்டோம். இந்திய மொழிகளுக்கான பொதுவான பாரதி பிரெய்லில் இரண்டுக்கும் அதே புள்ளிகள்தான் என்றீர்கள். எவ்வளவு பெரிய நிம்மதி! இப்போது என் மனைவியும் படிக்கிறாள்.

அங்கன்வாடி டீச்சர், "இங்கே வேண்டாம்" என்ற வார்த்தையை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. பக்கத்தில் வரும்போது பேரைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கினீர்கள். அவர்கள் தெருவிலும் அப்படியே செய்கிறார்கள்.

பெற்றோர் குழு இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இலவசக் கல்வியை 6 வயதிலிருந்து 18 வரை என்கிறது. அந்த ஆறு வயதுக்குள்தான் எங்கள் பாப்பா தவழ, நடக்க, பேச, தானே சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அந்தக் காலம் முழுக்க எங்களோடு நின்றது நீங்கள்தான். நள்ளிரவில் என் மனைவி போன் செய்து அழுதபோதும் எடுத்துப் பேசினீர்களே அக்கா, அதை எப்படி மறப்போம்.

பள்ளி திறந்ததும் ஒருநாள் வகுப்புக்கே வந்து அங்குள்ள மிஸ்ஸுக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டீர்கள் டீச்சர், அதற்கும் சேர்த்து நன்றி. குழந்தைக்குப் பார்வை இல்லை என்று புதிதாகத் தெரிந்து தவிக்கிறவர்கள் உங்களிடம் வந்தால் தயங்காமல் எங்களிடம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்போம்.

என்றும் அன்புடன்,
பாப்பாவின் அப்பா, அம்மா, பாட்டி